கெந்தேயா, அடின்க்ராவா?

கானாவின் அசாந்தே மக்கள் உடுத்தும் துணிகளில் உலகம் அறிந்தவை இந்த இரண்டும்தான். ஒன்று நெய்யப்படுவது, மற்றது அச்சிடப்படுவது.

கெந்தே, அசாந்தே தலைநகரான குமாசிக்குப் பக்கத்திலுள்ள பொன்விரே ஊரின் பெருமை. குறுகிய தறியில் நான்கு அங்குல அகலத்துக்கு நீளப் பட்டைகளாக நெய்து, அப்புறம் அவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைக்கிறார்கள். முற்காலத்தில் பட்டுநூலுக்கு வெளிநாட்டுத் துணிகளைப் பிரித்தே எடுத்தார்களாம்! அரசருக்கு உரியதாக இருந்தது, இன்று திருமணம், திருவிழா எல்லாவற்றிலும் உண்டு. 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

அடின்க்ராவின் ஊர் இன்டொன்சோ. சுரைக்குடுக்கைத் துண்டில் சின்னத்தைச் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சிய கருஞ்சாற்றில் தோய்த்துத் துணியில் ஒற்றுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த அச்சே ஒரு சிற்பம்தான். முதலில் இது துக்கத் துணி. இறுதிச் சடங்குக்குச் சிவப்பு, கறுப்பு, பழுப்புத் துணியில் அச்சிட்டு உடுத்தினார்கள். வெள்ளைத் துணியில் அச்சிட்டால் மகிழ்ச்சியான நாட்களுக்கும் ஆகும்.

சரி, எது அதிகம் பேசுகிறது? கெந்தே வடிவங்களுக்கும் பெயர் உண்டு. 'அத்வெனாசா' என்றால், தெரிந்த வடிவங்களையெல்லாம் போட்டுத் தீர்த்தாயிற்று என்று நெசவாளியே சொல்வதுபோல. ஆனால் அது தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். அடின்க்ரா அப்படியில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் 'சன்கோஃபா' பறவை, விட்டுவந்ததைத் திரும்பிப்போய் எடுத்துக்கொள் என்கிறது. பார்த்ததுமே பாதி புரிந்துவிடும். பகட்டுக்குக் கெந்தே, படிப்பதற்கு என் ஓட்டு அடின்க்ராவுக்கே.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெந்தே என்று விற்பதில் நிறைய ஆலையில் அச்சடித்த துணி. திருப்பிப் பாருங்கள்: பட்டைகளைச் சேர்த்த தையல் இல்லையென்றால் அது கைத்தறியைப் பார்க்காத துணி.