காது மெஷின் என்று விற்றார்கள், பில்லில் மொபைல் உதிரிபாகம்

சோமனூரில் 26 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவன் நான். தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. வேலையை விட்டு வந்து, இனி நிம்மதியாகக் கச்சேரி கேட்கலாம் என்று உட்கார்ந்தால் வயலினின் மேல் ஸ்தாயி காணாமல் போயிருந்தது. வில் போவது டிவியில் தெரிகிறது, நாதம் வரவில்லை.

எங்கள் வீடு வாளையாறு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம். பாலக்காட்டில் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது அந்தக் கடை கண்ணில் பட்டது. ஏசி, சுவரில் பெரிய காதுப் படம். கடைக்காரர் நல்ல தமிழில், "ஐயா, இது பாட்டுக்கென்றே வந்த காது மெஷின். சத்தம் போதவில்லை என்றால் இந்தச் சக்கரத்தைத் திருப்புங்கள்" என்றார். காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. காதருகே விரலைச் சொடுக்கினார், அதுதான் பரிசோதனை. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் செருகிய ஹெட்போன். 6,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் நாள் மயங்கித்தான் போனேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி நெஞ்சில் இடித்தது. வயலின்தான் வரவில்லை. சக்கரத்தைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். "உங்கள் காதில் ஓடும் பாட்டு எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்கிறது" என்றாள் மனைவி. அப்போதே கழற்றியிருக்க வேண்டும். தினம் மூன்று மணி நேரம், ஐந்து வாரம் கேட்டேன். ஒரு ராத்திரி பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோன்ற இரைச்சல் நிற்கவில்லை.

கோவையில் ஓர் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், முறையாகச் சோதித்து வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த சுருதிகளில் கோடு ஒழுங்காக வருகிறது. மேல் சுருதியில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குகிறது. இரைச்சலில் உழைத்தவர்களுக்கு வழக்கமாக இப்படித்தான் இருக்குமாம். நான் வாங்கியது வெறும் ஒலிபெருக்கி. கேட்கும் சுருதி, கேட்காத சுருதி எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிவிட்டது. உண்மையான மெஷினை அவரவர் வரைபடத்துக்கு ஏற்ப அமைத்து, இதற்குமேல் சத்தம் போகக் கூடாது என்று வரம்பும் வைப்பார்கள். காது மந்தமானவனைச் சத்தம் என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் உட்காது பழுதானவர்கள் பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் கூட்டினால் உடனே தாங்காது. நல்ல காதுக்கே 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான கணக்கு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம். என் பெட்டியை அளந்தபோது 110ஐத் தாண்டியது. மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த மிருதங்க வித்வான் மணி அய்யரின் பாலக்காட்டில் போய் இதை வாங்கி வந்திருக்கிறேன்!

இப்போது முறையான மெஷின் போட்டிருக்கிறேன். அதில் பாட்டுக்குத் தனி அமைப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கான அமைப்பிலேயே விட்டால், வயலினில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையைத் தன்னிடமிருந்து எழும் விசில் என்று நினைத்து மெஷின் அடக்கப் பார்க்கும், நாதம் நடுங்கும். ஹெட்போனைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்பீக்கரை ஆறடி தள்ளி வைத்துக் கேட்கிறேன். தொலைந்ததெல்லாம் திரும்பிவிடவில்லை. சில்வண்டும் போகவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் சம்பந்தி பில்லைப் படித்தார். மலையாளத்தில் இருந்ததால் நான் பார்த்ததே இல்லை. 'மொபைல் உதிரிபாகம்' என்று எழுதியிருந்தது. கடைக்காரர் சிரித்தார். "நீங்கள் தமிழ்நாடு. வழக்குப் போட இங்கே எத்தனை தடவை வருவீர்கள்?"

வர வேண்டியதே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில், சோதிப்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் அங்கேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேரன் அந்தக் கறுப்புப் பெட்டியை விளையாடக் கேட்கிறான். பில்லோடு சேர்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கோவை நுகர்வோர் ஆணையத்தில் காட்ட வேண்டும்.