14,500 ரூபாய்க்கு ‘புதிய’ குளூம்ஹேவன்: போர்டு கேம் கடைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் போர்டு கேம்களை விற்பதோடு, மேசை போட்டு மணிக்கணக்கில் ஆடவும் இடம் தருகிற ஒரு கடை, வேறு யாரோ ஆடிப் பாதி தீர்த்துவிட்ட ஒரு பெட்டிக்கு மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை சுற்றி, அதைப் புதியது என்று சொல்லி எங்களிடம் 14,500 ரூபாய் வாங்கியிருக்கிறது. புகார் கொடுக்கவிருக்கிறோம் என்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நல்ல கடையை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு குளூம்ஹேவன். சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஒரே கதையை வாரக்கணக்கில் தொடர்ந்து ஆடுகிற சாகச ஆட்டம். 2017இல் வெளிவந்தது. பெட்டி ஏறத்தாழ பத்துக் கிலோ எடை இருக்கும். உள்ளே ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அட்டைகள், தொண்ணூற்றைந்து சாகசக் களங்கள், பதினேழு வகை வீரர்கள். அந்தப் பதினேழில் ஆறு பேரை மட்டுமே தொடக்கத்தில் எடுத்து ஆட முடியும். மற்ற பதினொருவரும் முத்திரையிட்ட சிறு பெட்டிகளுக்குள் இருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வீரன் தன் சொந்த இலக்கை முடித்து ஓய்வு பெறும்போதுதான் அடுத்த பெட்டியைத் திறக்க விதி அனுமதிக்கிறது. ஆட ஆட வரைபடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், நகரத்தின் வளர்ச்சியைப் பேனாவால் குறிக்க வேண்டும், சில நிகழ்ச்சி அட்டைகளை நிரந்தரமாக விலக்கிவிட வேண்டும். ஆகவே கேரம் பலகையையோ சதுரங்கத்தையோ பழையதாக வாங்குவதற்கும் இதைப் பழையதாக வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இன்னொருவர் ஆடிய குளூம்ஹேவன் என்பது, கட்டங்களை எல்லாம் யாரோ நிரப்பிவிட்ட குறுக்கெழுத்துப் புத்தகம்.

நான்கு நண்பர்கள் பங்கு போட்டு வாங்கினோம். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய் வரை குறைவாகக் கிடைத்தது. ஆனால் அங்கே போலிப் பிரதிகள் நிறைய உலவுகின்றன என்பது இந்த ஆட்டங்களில் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும். மெலிந்த அட்டைகள், மங்கிய அச்சு, சரியாக வெட்டப்படாமல் பிய்ந்து வரும், ஆடப் பயன்படுகிற சிறு அட்டை வில்லைகள் என்று பலர் புலம்பக் கேட்டிருக்கிறோம். நேரில் பார்த்து, ஆளைத் தெரிந்து, நம் ஊர்க் கடையில் வாங்கினால் அந்தக் கவலை இல்லை என்றுதான் கூடுதல் பணம் கொடுத்தோம்.

அந்தக் கடைக்காரரை நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஆடுவது எங்களுக்கு வழக்கம். புதிதாக வருகிறவர்களின் அருகில் அமர்ந்து, விதிப்புத்தகத்தைத் திறக்காமலே ஒரு ஆட்டம் முழுவதையும் பொறுமையாகச் சொல்லித் தருவார். அட்டையை மடக்கிய ஒரு சிறுவனைக் கடிந்துகொள்ளாமல், அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்ததை நானே பார்த்தேன். குளூம்ஹேவன் வேண்டும் என்று நாங்கள் கேட்டதும், உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்துத் தட்டி, “கடைசி பீஸ், ப்ரோ. அடுத்த லாட் எப்போ வரும்னே சொல்ல முடியாது. உங்க குரூப்புக்குன்னுதான் எடுத்து வெச்சேன்” என்றார். 14,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயருக்கு அன்று, ஒரு தனிநபரின் பெயருக்கு. பில் கேட்டபோது கணினி பழுது என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு சிறிய சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தப் பத்துக் கிலோ பெட்டியை அவரே மாடிப்படிகளில் இறக்கி வந்து காரில் வைத்தார். அந்த உபசாரத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

வீட்டில் உறையைப் பிரித்தபோதே, உறை புதிதாகவும் உள்ளே பெட்டியின் மூலைகள் தேய்ந்தும் இருந்தது கண்ணில் பட்டது. கப்பலில் வரும்போது அடிபட்டிருக்கும் என்றான் ஒரு நண்பன். மூடியைத் தூக்கினோம். புதிய பெட்டியில் அட்டை வில்லைகள் தகடு தகடாக இருக்கும். நாம்தான் ஒவ்வொன்றாக அழுத்திப் பெயர்த்தெடுக்க வேண்டும். இதில் எல்லாம் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டு, ஜிப் கவர்களில் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. வரைபடத்தை விரித்தால் இங்கும் அங்குமாக ஸ்டிக்கர்கள். முத்திரையிட்டிருக்க வேண்டிய வீரர் பெட்டிகளில் நான்கு, பிளேடால் அறுக்கப்பட்டு, செலோ டேப்பால் திரும்ப ஒட்டப்பட்டிருந்தன. வீரர் குறிப்பேட்டின் முதல் தாளில் ‘மாடசாமி’ என்று ஒரு வீரனுக்கு அழகான கையெழுத்தில், தமிழில், பெயர் வைத்து அவனை ஐந்தாம் நிலை வரை வளர்த்திருந்தார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு உறை சுற்றக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

அன்றைக்கே படங்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்தபோது, குளூம்ஹேவனில் ஸ்டிக்கர்கள் இருக்கத்தானே செய்யும் என்றார், நாங்கள் சொன்னது புரியாதவர்போல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரில் போனோம். அவர் வெளியே வரவில்லை. கல்லாவில் இருந்த பையன்தான் பேசினான். “சீலை நீங்க பிரிச்சாச்சு. பிரிச்சதுக்கப்புறம் யார் எழுதினதுன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?” அதாவது, ஒரே இரவில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து, பல வாரங்கள் ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடி, நான்கு பெட்டிகளை அறுத்து ஒட்டி, மாடசாமியை ஐந்தாம் நிலைக்கு உயர்த்திவிட்டு, காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறோம்.

அதன் பிறகு சாக்குகள் நாளுக்கொன்றாக மாறின. தயாரிப்புக் குறை, பதிப்பாளருக்கு எழுதுங்கள் என்றார்கள். ஒரு அட்டை குறைந்தாலோ ஒரு பொம்மை உடைந்திருந்தாலோ பதிப்பாளருக்கு எழுதுவது முறைதான். மாடசாமி எந்தத் தொழிற்சாலையின் குறை? பிறகு, ஸ்டிக்கர்களை உரித்துவிட்டால் முதலிலிருந்து ஆடலாமே என்று உரிமையாளரே ஒரு குரல் பதிவு அனுப்பினார். அந்தப் பெட்டியோடு வருகிற ஸ்டிக்கர்கள் உரிக்கிறபோது வரைபடத்தின் அச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும் என்பது இந்த ஆட்டத்தை விற்கிற ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது. கடைசியாக, பணம் தர முடியாது, கடையில் மேசை போட்டு ஆட 3,000 ரூபாய் மதிப்புள்ள நேரம் தருகிறோம் என்றார்கள். 14,500 ரூபாய் கொடுத்தவர்களுக்கு 3,000 ரூபாய்க்கு நாற்காலி! மறுத்ததும், அவர்களுடைய ஞாயிறு ஆட்டக் குழுவிலிருந்து எங்கள் நால்வரையும் நீக்கிவிட்டார்கள். இப்போது அழைப்பையும் எடுப்பதில்லை.

பழைய விளையாட்டை விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பெங்களூரில் வேலை பார்த்தபோது நான் போய்க்கொண்டிருந்த ஒரு சிறிய கடையில் பழைய பெட்டிகளுக்கென்றே தனி அலமாரி இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும்: மஞ்சள் வீட்டுக் காய் ஒன்று இல்லை, பெட்டியின் இடது மூலை கிழிந்திருக்கிறது, விதிப்புத்தகத்தில் காபிக் கறை. வாங்குவதற்கு முன் மேசைமேல் கொட்டி எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கடைக்காரர் சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார். ஒருமுறை நான் விலை கூடிய ஒரு பெட்டியை எடுத்தபோது, உங்கள் வீட்டில் ஆடுவது இரண்டு பேர்தானே, இது மூவருக்குக் குறைந்து சுவைப்படாது என்று அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். நல்ல கடை என்று நான் சொல்வது அதைத்தான். மேசையில் எவ்வளவு இனிமையாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதை வைத்துக் கடையை எடை போடாதீர்கள். கல்லாவில் என்ன எழுதித் தருகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

பிரித்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று எல்லாக் கடைகளும் பலகை மாட்டுகின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம்; பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த 14,500 ரூபாயை விடுவதாக இல்லை.

கடைசியில் விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். ‘எஸ்டிமேட்’ சீட்டு பில் ஆகாது. ஜிஎஸ்டி எண் போட்ட பில்லில் ‘புதியது’ என்று எழுதி வாங்குங்கள். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்ட ஒட்டு இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அது இல்லை. உறையைக் கல்லாவின் முன்னாலேயே, ஒருவர் வீடியோ எடுக்க, பிரியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். குளூம்ஹேவன் போல முத்திரையை உடைத்து ஆடுகிற எந்த ஆட்டமானாலும், உள்ளே இருக்கும் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இதே கடையில் இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன். அந்த மாடசாமியை ஆடியவர் இதைப் படித்தால், பெட்டியை அந்தக் கடைக்கு எவ்வளவுக்கு விற்றீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.