மரம், கரும்புச் சக்கை, பழைய பேப்பர்: காகிதத்தின் தண்ணீர்க் கணக்கும் எரிபொருள் கணக்கும்

காகிதக் கூழுக்கு நம் ஊரில் மூன்று மூலப்பொருள்கள் போட்டி போடுகின்றன. ஒன்று சவுக்கு, தைல மரம் போன்ற மரங்கள், அடுத்தது கரும்புச் சக்கை, மூன்றாவது பழைய பேப்பர். எது நல்லது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் பழைய பேப்பர் என்பார்கள். தண்ணீரை மட்டும் பார்த்தால் அது சரிதான். எரிபொருளையும் சேர்த்தால் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் என்பதோடு, ஆலையின் பாய்லரில் எது எரிகிறது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்றுக்கும் பொதுவான ஒரு செலவு இருக்கிறது: காய வைப்பது. காகித இயந்திரத்துக்குள் போகும் கூழில் நார் சுமார் 1 சதவீதம்தான், மீதி தண்ணீர். ஒரு டன் காகிதத்துக்கு 90 டன்னுக்கு மேல் தண்ணீர் உள்ளே போகிறது. ஓடும் வலையில் பெரும்பகுதி வடிந்துவிடும். அப்புறம் உருளைகள் பிழியும். வடிந்ததும் பிழிந்ததும் திரும்பவும் கூழ் கலக்கவே போகும். பிழிந்த பிறகும் தாளில் பாதிக்கு மேல் ஈரம் நிற்கும். அந்தக் கடைசி ஒரு டன் தண்ணீரை நீராவியால் சூடேற்றிய உருளைகளில் ஓட்டித்தான் ஆவியாக்க முடியும். காகித இயந்திரம் வாங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது. பிழியும் இடத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் காய்ந்தால் உலர்த்தும் நீராவியில் சுமார் 4 சதவீதம் மிச்சம். எந்த மூலப்பொருளை எடுத்தாலும் முதலில் பணம் போட வேண்டிய இடம் இதுதான்.

மரத்தை வேக வைத்துக் கூழாக்கும் கிராஃப்ட் முறையில், மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். நாரை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் கரைந்து கறுப்புச் சாறாக வெளியேறும். ஆலைக்காரர்கள் அதை பிளாக் லிக்கர் என்பார்கள். அதைக் கெட்டியாகக் காய்ச்சிப் பாய்லரில் எரித்தால் நீராவியும் மின்சாரமும் கிடைக்கும், வேக வைத்த ரசாயனமும் திரும்பி வரும். பின்லாந்தில் 2017-ல் தொடங்கிய ஆனெகோஸ்கி கூழ் ஆலை, தனக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் எடுக்கும்படி கட்டப்பட்டது. ஆக, மரக்கூழ் நிறைய எரிசக்தி தின்றாலும் பெரும்பகுதியைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது.

தண்ணீரில்தான் அது பின்தங்குகிறது. கூழைக் கழுவுவது, வெளுப்பது என்று கட்டம் கட்டமாகத் தண்ணீர் போகும். இந்தியாவின் பெரிய ஆலைகள் ஒரு காலத்தில் டன்னுக்கு 1,50,000 லிட்டருக்கு மேல் இழுத்தன. இன்று நன்றாக நடக்கும் ஆலைகளில் 40,000 முதல் 60,000 லிட்டர். 50,000 என்று வைத்தால் ஒரு ஏ4 தாளுக்குக் கால் லிட்டர் வரும். மரம் வளரக் குடித்த நீரையும் சேர்த்தால் ஒரு தாளுக்கு 2 முதல் 13 லிட்டர் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மழையில் வளர்ந்த மரத்தையும் போர்வெல் போட்டு வளர்த்த மரத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கரும்புச் சக்கை என்றால் கரூர் மாவட்டம் புகழூர் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழக அரசு 1979-ல் தொடங்கிய நிறுவனம் அது. மரம் வெட்டாமல் காகிதம் என்பது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சக்கை யாருக்கும் வேண்டாத கழிவு இல்லை, சர்க்கரை ஆலையின் பாய்லருக்கு அதுதான் விறகு. அதை வாங்க வேண்டுமானால் பதிலுக்கு நீராவியோ எரிபொருளோ கொடுத்தாக வேண்டும். அந்தப் பண்டமாற்றில்தான் டி.என்.பி.எல். வளர்ந்தது. சக்கைக்குப் பதில் நிலக்கரி எரிந்தால் அந்தப் புகையையும் காகிதத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் விற்கத் தொடங்கிய பிறகு போட்டி இன்னும் கூடிவிட்டது.

தண்ணீரிலும் சக்கைக்குச் சலுகை இல்லை. சக்கையில் நாரோடு, தண்டின் நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற சோறும் கலந்திருக்கும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அரவைப் பருவத்தில் மட்டுமே கிடைப்பதால் குவித்து, நனைத்து வைத்துக் காக்க வேண்டும். கூழும் மெதுவாகத்தான் வடியும். காகிதபுரத்தில் எனக்குப் பிடித்தது, சக்கை கழுவிய நீரிலிருந்து பயோகேஸ் எடுத்துச் சுண்ணாம்புச் சூளையில் எரிப்பது. சுத்திகரித்த கழிவுநீர் பக்கத்து வயல்களுக்கும் போகிறது. அப்படிப் பாயும் நீரில் உப்பு எவ்வளவு என்று விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும், மண் கெட்டால் மீட்பது கஷ்டம்.

பழைய பேப்பருக்கு மரத்தை வேக வைக்கும் வேலையே இல்லை. பெரிய தொட்டியில் ஊறப்போட்டுச் சுழற்றினால் கூழ். பழைய அட்டைப்பெட்டியைத் திரும்பப் பழுப்புத் தாளாகவே செய்தால் வெளுக்கவும் வேண்டாம், நல்ல ஆலையில் டன்னுக்கு 10,000 லிட்டருக்குள் முடித்துவிடலாம். ஆனால் எரிக்க பிளாக் லிக்கர் கிடையாது. உலர்த்தும் நீராவி முழுவதும் வாங்கிய எரிபொருளிலிருந்தே வர வேண்டும், இந்தியாவில் அது பெரும்பாலும் நிலக்கரி. வெள்ளைத் தாளாக்கப் போனால் மை நீக்க வேண்டும், நாரில் ஒரு பங்கு சேறாகப் போய்விடும். ஒரே நார் ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்காது, இடையில் புது நார் சேர்த்தே ஆக வேண்டும்.

என் தேர்வு இது. அட்டைப்பெட்டி, பொட்டலத் தாள், நியூஸ்பிரின்ட் எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர்தான், அதற்கு மரக்கூழ் கேட்பது அநியாயம். பாய்லரை மட்டும் நிலக்கரியிலிருந்து வேளாண் கழிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாடநூலுக்கும் நோட்டுக்கும் சக்கைக் கூழ், சர்க்கரை ஆலையில் அதற்கு ஈடாக என்ன எரிகிறது என்பதைக் காகித ஆலை வெளிப்படையாகச் சொன்னால். மரக்கூழை நீண்ட காலம் நிற்க வேண்டிய, வலுவான தாளுக்கு வைத்துக்கொள்ளலாம், மானாவாரியில் வளர்ந்த சவுக்கு கிடைத்தால்.