கன்னத்தில் எட்டு நூல், எட்டு மாதம் கழித்து

அக்கா மகள் கல்யாணத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது பெரம்பூர் பக்கம் ஒரு தோல் கிளினிக்கில் த்ரெட் லிஃப்ட், அதாவது தொங்குகிற கன்னத்தை நூல் விட்டு மேலே இழுத்துப் பிடிக்கிற சிகிச்சை, செய்துகொண்டேன். செய்த மறுநாள் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், கல்யாணத்தன்று எழுதியிருந்தால் ஐந்து ஸ்டார் போட்டிருப்பேன், அதனால்தான் எட்டு மாதம் பொறுத்து எழுதுகிறேன். கிளினிக் பெயர் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்.

எனக்கு 51 வயது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். வாய் ஓரத்திலிருந்து தாடை வரை சதை தொங்க ஆரம்பித்ததில், சும்மா நின்றாலே "என்னக்கா கோபமா?" என்று கேட்கிறார்கள். அது போனால் போதும் என்றுதான் போனேன். "மூஞ்சியில என்ன, மாஞ்சா நூலா விடப்போறாங்க?" என்றார் வீட்டுக்காரர். கேலிதான், ஆனால் ரொம்பத் தப்பும் இல்லை, முள் முள்ளாக இருக்கிற நூல்தான் அது. பி.டி.ஓ. என்கிற பொருள், ஆபரேஷனில் உள்தையல் போட 1980களிலிருந்தே இருக்கிறது, ஆறேழு மாதத்தில் உடம்பிலேயே கரைந்துவிடும்.

முடியோரம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன ஓட்டை வழியாக ஊசிக்குழாயோடு நூலைத் தோலுக்கு அடியில் விடுகிறார்கள். குழாயை உருவினதும் முள் சதையைப் பிடித்துக்கொள்ளும், அப்படியே மேலே இழுத்து மிச்ச நூலை நறுக்கிவிடுகிறார்கள். பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு, முக்கால் மணி நேரம். வலி பெரிதாக இல்லை. காதுக்குள்ளேயே கேட்கிற அந்த 'கரக் கரக்' சத்தம்தான், அப்பா!

டாக்டரைக் குறை சொல்லமாட்டேன். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டினேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும், இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று தேதியையே ஒரு வாரம் தள்ளிவைத்தார். என் சண்டை எல்லாம் கவுன்டரில் உட்கார்ந்து பேசுகிறவர்களோடுதான். மாத்திரை பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. 48,000 என்று சொல்லிவிட்டு பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 56,640 வந்தது. அழகுக்காகச் செய்கிற சிகிச்சைக்கு வரி உண்டு, அது அரசாங்கம் வைத்தது, சரி, அதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? அதைவிடக் கொடுமை, கையெழுத்துப் பாரத்தைப் படுக்கையில் படுத்த பிறகு நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். சீழ் பிடிக்கலாம், நூல் முனை வெளியே வரலாம், இரண்டு கன்னமும் ஒன்றுபோல் இல்லாமல் போகலாம், அபூர்வமாக முக நரம்பு அடிபடலாம் என்று அதில்தான் இருந்தது. மகளிடம் போனில் வாசித்துக் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

மூன்று நாள் முகம் பன்னு மாதிரி வீங்கியது, இடது பக்கம் கன்றிப்போய் மஞ்சளாக மாற பத்து நாள். மல்லாந்துதான் படுக்கவேண்டும், முகத்தைத் தேய்க்கக்கூடாது, வாயை அகலமாகத் திறக்கக்கூடாது, பல் டாக்டரிடம்கூடப் போகக்கூடாது. தங்கச்சி சௌகார்பேட்டையிலிருந்து முறுக்கு சாண்ட்விச் வாங்கி வந்து என் கண்ணெதிரே தின்றாள், நான் இட்லியைப் பிட்டுப் பிட்டு விழுங்கினேன். சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது, பிறவிக்குழி மாதிரி அழகாக இல்லை, யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி. மூன்றாவது வாரம் டாக்டரே அழுத்தி நீவிச் சரிசெய்தார். ஆனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதோடு நான் பட்ட பாடு! விசேஷம் இருந்தால் இரண்டு மாதமாவது முன்னாடி போங்கள்.

கல்யாண போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன். தாடை ஓரம் தெளிவாக இருந்தது, கோபக்காரி முகம் போயிருந்தது. கழுத்துத் தொங்கல் மட்டும் இம்மிகூட மாறவில்லை. நூல் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான், அதிகப்படியான தோல் எங்கேயும் போகாது. அதை எடுக்கவேண்டுமென்றால் கத்தி வைக்கிற ஃபேஸ்லிஃப்ட்தான், அது வேறு செலவு, வேறு வேதனை, ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். 'வெட்டாமலே அதே பலன்' என்று கவுன்டரில் சொன்னது வியாபாரப் பேச்சு. இரண்டு வருஷம் நிற்கும் என்றதும் அப்படித்தான். நூல் கரைந்தாலும் அதைச் சுற்றி ஊறுகிற கொலாஜன், தோலுக்கு உறுதி தருகிற புரதமாம், அது தாங்கிப் பிடிக்கும் என்றார்கள். என் முகத்தில் ஆறாவது மாதமே இறங்க ஆரம்பித்து இப்போது முக்கால்வாசி பழையபடி ஆகிவிட்டது.

டாக்டர் கைக்கு நான்கு, கவுன்டருக்கு ஒன்று, கொடுத்த காசுக்கு இரண்டு. லேசான தொங்கல், கையில் உபரிப் பணம், குறிப்பிட்ட ஒரு விசேஷம் என்றால் யோசிக்கலாம். என்னைப்போல சீட்டுப் பணத்தை எடுத்துச் செய்யாதீர்கள்.

போன வாரம் அங்கிருந்து மெசேஜ், நான்கு நூல் போட்டால் ஒன்று இலவசமாம். வருஷா வருஷம் ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டுகிறவளிடமே!