பரீட்சை வைக்கும் டிவிடி: மெமென்டோ லிமிடெட் எடிஷனுடன் பல வருஷம்

கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’ (2000) படத்துக்கு டிவிடி, புளூரே என்று பல பதிப்புகள் வந்துவிட்டன. நான் சொல்லப்போவது 2002-ல் அமெரிக்காவில் வந்த இரண்டு டிஸ்க் லிமிடெட் எடிஷனைப் பற்றி. அங்கே வேலையில் இருந்த மச்சான் லீவில் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு (பாலக்காடு மாவட்டம்) வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அதற்கப்புறம் வீட்டில் இருந்த மற்ற டிவிடிகளெல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டன. இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை.

கவரைப் பார்த்தால் சினிமா டிவிடி என்றே தோன்றாது. படத்தின் நாயகன் லெனார்ட் ஏதோ மனநல மருத்துவமனையில் இருந்ததுபோல, அவனுடைய கேஸ் ஃபைலாகவே அதைச் செய்திருக்கிறார்கள். டாக்டர்கள் எழுதிய குறிப்புகள், நடுவில் லெனார்டே கிறுக்கி வைத்த வரிகள். டீப்பாய் மேல் கிடந்ததை எடுத்துப் புரட்டிய சித்தப்பா, “யாருக்குடா உடம்புக்கு முடியலை?” என்று பதறிப்போனார்.

கதை தெரியாதவர்களுக்கு: லெனார்டுக்கு (கய் பியர்ஸ்) தலையில் அடிபட்ட பிறகு புதிதாக எதுவும் நினைவில் தங்காது. மனைவியின் சாவுக்குக் காரணமானவனைத் தேடுகிறான். போலராய்டு படங்களும் (எடுத்த உடனே அச்சாகி வரும் போட்டோ) உடம்பில் குத்திய பச்சையும்தான் அவனுக்கு ஞாபகம். “அட, நம்ம கஜினி!” என்று எங்கள் ஊரில் பார்த்தவர்கள் எல்லோருமே சொல்லிவிட்டார்கள். பச்சையும் போலராய்டும் 2005-ல் சூர்யா படத்துக்கு வந்தது உண்மைதான், ஆனால் கதை சொல்லும் விதம் வரவில்லை. மெமென்டோவில் கலர் காட்சிகள் பின்னோக்கிப் போகும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வரும், இரண்டும் கடைசியில் ஒரு இடத்தில் சேரும். ஒவ்வொரு கலர் காட்சி தொடங்கும்போதும் அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று லெனார்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இந்த டிவிடி அந்தக் குழப்பத்தை மெனுவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ‘பிளே’ என்று பளிச்சென்று ஒன்றும் இருக்காது. மனோதத்துவப் பரீட்சை மாதிரி வார்த்தைகள், பொருள்கள், கேள்விகள் வரும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் படம் ஓடும். இல்லாவிட்டால் இன்னொரு கேள்வி. முதல் ராத்திரி அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “ஏப்பா, படம் பாக்கறதுக்கு எதுக்கு எண்ட்ரன்ஸ் எக்ஸாம்?” என்று கேட்டுவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதல் சில தடவை ரசிக்க முடிந்தது. வேலை முடிந்து அலுத்துவந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அது வேண்டாத வேலை. ரிமோட்டில் அம்புக்குறி பட்டன் தேய்ந்ததற்கும் இதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

ஆனால் இதே பரீட்சைதான் டிஸ்க்கின் பொக்கிஷத்துக்கும் வழி. இரண்டாவது டிஸ்க்கில் ஒளித்துவைத்த ஒரு பகுதி உண்டு. கடிகாரப் படத்தைத் தொட்டு, கேள்விகளைக் கடந்து, கடைசியில் கார் டயர் மாற்றும் ஒரு பெண்ணின் படங்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினால், முழுப் படமும் நடந்த வரிசையில் நேராக ஓடும். அப்படிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நேராக வைத்தால் மர்மமே போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு அப்பாவியை ஆளாளுக்கு ஏமாற்றும் கதை, அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதும் சேர்த்து. வருத்தமான படம், கொஞ்சம் சப்பையான படமும்கூட. முதல் தடவையிலேயே யாருக்கும் இதைப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். படம் ஓட ஓட நோலன் கூடவே விளக்கிப் பேசும் கமென்டரியிலும் ஒரு விளையாட்டு உண்டு: கடைசிப் பகுதியில் அவர் சொல்லும் விளக்கம் போடும்போதெல்லாம் ஒன்றாக இருக்காது. எந்த விளக்கம் வரும் என்பது டிஸ்க் தீர்மானிப்பது.

வாங்க நினைப்பவர்கள் ரீஜியன் விஷயத்தைக் கவனியுங்கள், அதாவது எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போட்ட பூட்டு. இது ரீஜியன் 1, இந்தியா ரீஜியன் 5. எங்களிடம் முதலில் இருந்த மலிவு பிளேயர் எதைப் போட்டாலும் ஓட்டும். ஐப்பசி இடி ஒன்று அதை முடித்துவைத்தது. பொள்ளாச்சியில் வாங்கிய அடுத்தது நல்ல கம்பெனிதான், ஆனால் இந்த டிஸ்க்கை உள்ளேயே சேர்க்கவில்லை. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜியனை மாற்றலாம், ஆனால் பெரும்பாலான டிரைவ்களில் 5 தடவைதான். அதற்கப்புறம் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். இதற்கென்றே ஒரு பழைய லேப்டாப்பை ரீஜியன் 1-ல் விட்டுவைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம் சப்டைட்டில் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

படத் தெளிவு விஷயத்தில் டிவிடிக்கு வயசாகிவிட்டது. பெரிய டிவியில் 480 வரி மங்கலாகத்தான் தெரியும். முதல் காட்சியில் போலராய்டு படம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் (அந்தக் காட்சியே பின்னோக்கி ஓடுகிறது). லெனார்டின் விரல், கையில் ஆட்டும் படம், அதிலுள்ள ரத்தம் எல்லாம் டிவிடியில் ஒரே பழுப்பாகக் கரைகிறது. நண்பர் ஒருவர் வீட்டில் புளூரே பார்த்தபோது போலராய்டு படங்களின் அடியில் லெனார்ட் எழுதும் கையெழுத்தில் மை அழுத்தம்கூடத் தெரிந்தது. படம் மட்டும் போதும் என்றால் யோசிக்காமல் புளூரேக்குப் போகலாம்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஒற்றப்பாலத்துக்காரர்கள் சொல்லும் பூஞ்சைத் தொல்லை எனக்குப் பெரிதாக வரவில்லை. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுதான் எமன். கதவை மூடினாலும் அலமாரிக்குள் நைஸான தூசி படிந்துவிடும். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கிறேன், வட்டமாகத் தேய்ப்பதில்லை. இதுவரை எங்கும் திக்கவில்லை. அட்டைதான் மடிப்பில் வெளுத்து, ஓரம் பிரிய ஆரம்பித்திருக்கிறது.

பழையதாக வாங்குகிறீர்கள் என்றால், கவர் இல்லாமல் டிஸ்க் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். மெனுவில் எதைத் தொட வேண்டும் என்பதற்கான குறிப்புகள் அட்டையில் லெனார்ட் கிறுக்கியதில்தான் இருக்கின்றன.