12 ஆண்டுகளாக டாஸ்-டு-யூனிக்ஸ்: வரியின் வாலில் ஒளிந்திருக்கும் பைட்

கோப்புகளின் வரி முடிவை மாற்றும் டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற கருவியைத் தேடிப் போக வைத்தது ஒரு சொற்பட்டியல். ஒரே வேலையை இருவர் பிரித்துக்கொண்டு, ஒருவர் விண்டோஸிலும் மற்றவர் லினக்ஸிலும் தொகுத்திருந்தோம். இரண்டு பட்டியலுக்கும் பொதுவான சொற்களை எடுக்கச் சொன்னால், ஒரு சொல்கூடப் பொதுவில்லை என்றது நிரல். திரையில் பார்த்தால் அங்கேயும் ‘மரம்’, இங்கேயும் ‘மரம்’. எழுத்துருவைச் சந்தேகித்தேன், யூனிகோடைச் சந்தேகித்தேன், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் கோப்பை எண்களாகக் காட்டும் கட்டளையில் திறந்தபோது, விண்டோஸிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் 13 என்ற பைட் (கோப்பில் பதிவாகும் ஓர் எண்) ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அந்த 13-க்குப் பெயர் கேரேஜ் ரிட்டர்ன். அதன் துணை 10, லைன் ஃபீட். வரி முடிவைக் குறிக்க வந்தவை இவை. பழைய தொலையச்சு இயந்திரங்களில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்கு இழுப்பது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே தள்ளுவது வேறொரு வேலை. தலை திரும்பி வர ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பி, அது முடிவதற்குள் 10-ஐ அனுப்பினார்கள். இயந்திரம் மறைந்த பின்னும் வழக்கம் மறையவில்லை. இயங்குதளங்களில் மல்டிக்ஸும் அதன் வழிவந்த யூனிக்ஸும் 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டன. சிபி/எம், எம்எஸ்-டாஸ், விண்டோஸ் என்ற வரிசை இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. பழைய மேக்கின்டாஷ் 13-ஐ மட்டும் வைத்திருந்து, 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது 10-க்கு மாறியது.

டாஸ்-டு-யூனிக்ஸ் செய்வது இந்த மாற்றத்தைத்தான். கோப்பின் பெயரைக் கொடுத்தால் 13, 10 இணையைத் தனி 10 ஆக்கிவிடும். எதிர்த்திசைக்கு யூனிக்ஸ்-டு-டாஸ், பழைய மேக் கோப்புகளுக்கு மேக்-டு-யூனிக்ஸ். ஒரு வரி நிரலில் செய்யக்கூடிய வேலைக்குத் தனிக் கருவி எதற்கு என்று நானும் தொடக்கத்தில் நினைத்தேன். எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் ‘டிஆர்’ கட்டளையால் 13 எல்லாவற்றையும் அழித்துவிடலாம்தானே?

அப்படித்தான் ஒருநாள் ஒரு மலையாளக் கோப்பை அழித்தேன். அது யூடிஎஃப்-16 குறியாக்கத்தில், அதாவது இந்த எழுத்துகளை இரண்டிரண்டு பைட்டுகளாகப் பதியும் முறையில் இருந்தது. யூனிகோடில் மலையாள எழுத்துகளின் இடம் பதினறும எண்ணில் 0டி00 முதல் 0டி7எஃப் வரை. ஒவ்வொரு எழுத்தின் மேல் பைட்டும் 0டி, அதாவது 13. கட்டளை முடிந்தபோது எழுத்துக்கு ஒரு பைட் வீதம் போயிருந்தது. சிங்களமும் அதே 0டி வரிசையில்தான் இருக்கிறது. குஜராத்திக்கும் குர்முகிக்கும் மேல் பைட் 0ஏ, அதாவது 10. தமிழ் 0பி வரிசையில் இருப்பதால் தப்பித்தது. யூடிஎஃப்-8 கோப்பில் இந்த ஆபத்து இல்லை. டாஸ்-டு-யூனிக்ஸ், கோப்பின் தொடக்கத்தில் இருந்து குறியாக்கத்தைக் காட்டும் பைட் வரிசைக் குறியைப் பார்த்து யூடிஎஃப்-16-ஐ அடையாளம் கண்டுகொள்கிறது. எழுத்தின் பாதியை வரி முடிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கோப்பைத் திரும்பப் பெற நான் பட்ட பாட்டுக்குப் பிறகு ‘டிஆர்’ வழிக்கு நான் போகவே இல்லை.

தமிழும் முழுக்கத் தப்பவில்லை. ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-8-இல், பதினறும எண்ணில் இ0, ஏஇ, 85 என்று மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. ஐபிஎம் பெருங்கணினி உலகிலிருந்து யூனிகோடுக்கு வந்த ‘அடுத்த வரி’ குறியின் எண்ணும் 85 தான். தமிழ்க் கோப்பை, பைட்டுக்கு ஓர் எழுத்து என்று கொள்ளும் லத்தீன்-1 குறியாக்கம் என்று தவறாகப் படித்து, பைத்தான் நிரல்மொழியின் ‘ஸ்ப்ளிட்லைன்ஸ்’ வழியாக வரிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு ‘அ’வின் இடத்திலும் வரி உடையும். ‘அம்மா’ இரண்டு வரியாகக் கிடக்கும். இதற்கு டாஸ்-டு-யூனிக்ஸ் மருந்தில்லை. குறியாக்கத்தைச் சரியாகச் சொல்லிப் படிப்பதே வழி. ஆனால் வரி உடைந்தால் உடனே இந்தக் கருவியைக் குறை சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் பயன்படுத்தியது மாற்றும் வசதியை அல்ல, ‘இன்ஃபோ’ என்ற விருப்பத்தேர்வைத்தான். அது கோப்பைத் தொடாமல் கணக்கு மட்டும் சொல்லும்: டாஸ் முடிவுகள் எத்தனை, யூனிக்ஸ் முடிவுகள் எத்தனை, மேக் முடிவுகள் எத்தனை, பைட் வரிசைக் குறி உண்டா, உரையா, (படம் போன்ற) இருமக் கோப்பா. முதல் இரண்டு இடங்களிலும் பெரிய எண்கள் வந்தால் கோப்பு பலர் கைபட்டுக் கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது மாற்றுவதற்கு முன் யார், எந்த எடிட்டரில் திறந்தார்கள் என்று விசாரிப்பேன். நோய் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு நல்ல குணம், இரண்டு முறை ஓட்டினாலும் கெடாது. யூனிக்ஸ்-டு-டாஸ் தனியாக நிற்கும் 10-ஐ மட்டுமே இணையாக்கும். ஏற்கெனவே இணையாக இருப்பதைத் தொடாது. ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13-ஐச் சேர் என்று கையால் எழுதிய கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் 13, 13, 10 என்று வந்து நிற்கும்.

குறைகளும் உண்டு. மாற்றிய கோப்பின் தேதி இயல்பாகவே புதிதாகிவிடும். தேதியைப் பார்த்து நகலெடுக்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் ‘கீப்டேட்’ சேர்க்க வேண்டும். அதைவிட எனக்கு வலித்தது வேறு. டாஸ்-டு-யூனிக்ஸ் பைட் வரிசைக் குறியையும் இயல்பாகவே நீக்கிவிடும். ஸ்கிரிப்டுகளுக்கு அதுதான் சரி. ஆனால் நான் மாற்றி அனுப்பிய ஒரு தமிழ் அட்டவணைக் கோப்பு, பெற்றவரின் விரிதாள் மென்பொருளில் வெறும் கிறுக்கலாகத் திறந்தது. அந்தக் குறியை வைத்துத்தான் அது யூடிஎஃப்-8 என்று புரிந்துகொண்டிருந்தது. ‘கீப்-பாம்’ சேர்த்து மறுபடி மாற்றியதும் சரியானது. இந்த இயல்பை மாற்றி வைத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இருமக் கோப்பைக் கண்டால் அது தாண்டிப் போய்விடும். கட்டாயப்படுத்தும் விருப்பத்தேர்வும் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபியில், வரி முடிவை மாற்றும் உரை முறையில் அனுப்பிச் சிதைந்த படங்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பிஎன்ஜி படத்தின் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. 13, 10 இணை ஒன்று, தனி 10 ஒன்று என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். வழியில் யாராவது வரி முடிவை மாற்றினால் இந்த முகப்பே கெட்டு, படம் பழுதானது என்று உடனே தெரிந்துவிடும். அந்த யோசனையை எப்போது நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எனக்கு இக்கருவியின் தேவை இப்போது குறைந்திருக்கிறது. 2018-இல் விண்டோஸ் நோட்பேடும் தனி 10-ஐ வரி முடிவாகக் காட்டத் தொடங்கியது. கூட்டாக வேலை செய்யும் நிரல்களில் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் களஞ்சியத்திலேயே வரி முடிவு விதியை எழுதிவைத்துவிடுகிறேன். வரி முடிவைத் தானாக மாற்றும் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ அமைப்பை நான் நம்புவதில்லை. அது ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். விதியை எழுதிவைக்கும் கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பு களஞ்சியத்தோடு பயணம் செய்யும். ஷெல் ஸ்கிரிப்டுக்கு 10 மட்டும். இல்லாவிட்டால் முதல் வரியில் உள்ள, ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் நிரலின் பெயரோடு 13 ஒட்டி, அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற செய்தி வரும். விண்டோஸ் பேட்ச் கோப்புக்கு இரண்டும். படங்களுக்கு இருமம். பழைய களஞ்சியமானால், வரி முடிவுகளை விதிப்படி திருத்தும் ‘ரீநார்மலைஸ்’ ஒருமுறை ஓட்டி, அந்த மாற்றத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். வேறு திருத்தங்களோடு கலந்தால் எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு குழம்பிவிடும்.

வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்கு மட்டும் இன்னும் ‘இன்ஃபோ’தான். சென்ற மாதம் ஒரு பழைய மேக்கின்டாஷ் வட்டிலிருந்து எடுத்த கடிதம் ஒன்று, பக்கக்கணக்கில் நீளும் ஒற்றை வரியாகத் திறந்தது. டாஸ் 0, யூனிக்ஸ் 0, மேக் 212 என்றது கருவி. மேக்-டு-யூனிக்ஸ் ஓட்டினேன்; எழுதியவர் விட்ட பத்திகள் 212 வரிகளாகத் தத்தம் இடத்தில் வந்து நின்றன.