டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: இரண்டாவது அப்பீலா, தீர்ப்பாயமா?

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகிற ரோட்டில் எந்த ஊரில் விசாரித்தாலும் பட்டாளத்துக்குப் போய்வந்தவர் ஒருவராவது இருப்பார். என் சித்தப்பாவும் அப்படித்தான். சர்வீஸில் இருக்கும்போதே பி.பி. வந்துவிட்டது. பணி முடிந்து வரும்போது 30 சதவீதம் ஊனம் என்று எழுதிய அதே மெடிக்கல் போர்டு (ராணுவ டாக்டர்கள் குழு), இது பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்றும் எழுதிவிட்டது. அந்த ஒரு வரியால், பென்ஷனில் ஊனத்துக்காக வர வேண்டிய டிசபிலிட்டி பங்கு போயிற்று. முதல் அப்பீலும் தள்ளுபடி.

அதற்கு அப்புறம்தான் குழப்பமே. இரண்டாவது அப்பீலுக்கு 6 மாத அவகாசம் உண்டு, செலவு தபால் காசுதான், வக்கீல் வேண்டாம். ஆனால் டெல்லியில் ஒரு குழு காகிதத்தைப் பார்த்து முடிவு சொல்லும், நம்மை உட்காரவைத்துக் கேட்காது. முதலில் காட்டாத புதுக் காகிதம், உதாரணமாக எல்லையில் இருந்தபோது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்ந்த சீட்டு, கையில் இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் பழைய பதிலே திரும்பி வரும் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொரு வழி, படையினர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அது 2007 சட்டப்படி வந்தது. ஒரு நீதிபதியும் ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து விசாரிப்பார்கள், அரசுத் தரப்பு ஆவணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். வக்கீல் ஃபீஸும் சென்னைக்கு அலைவதும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அங்கே எடுத்து வாதாடலாம்: படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் பிற்பாடு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, போர்டு காரணம் எழுத வேண்டும். (21-9-2023-க்குப் பிறகு ஓய்வுபெற்றவர்களுக்குப் புது விதிகள், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.)

பணக் கணக்கும் பாருங்கள். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 40,000 வாங்கியவருக்கு 30 சதவீத ஊனம் என்றால் மாதம் 3,600. 2014 ராம் அவ்தார் தீர்ப்புப்படி 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தை 50 சதவீதமாக உயர்த்தினால் 6,000, அதற்கு மேல் பஞ்சப்படி. பல வருஷம் கழித்து வழக்குப் போட்டால் பாக்கி பெரும்பாலும் முந்தைய 3 வருஷத்துக்குத்தான் கிடைக்கும், மற்றது போனது போனதுதான்.

சித்தப்பா இரண்டாவது அப்பீலைப் போட்டுவிட்டு இரண்டு வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 6 மாதம் பதில் வராவிட்டாலே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஆறவே ஆறாத கோபம் அதில்தான்.

ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் சித்தூரில் இருப்பவர்களுக்கும் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுதான், பாலக்காட்டுக்காரர்களுக்குக் கொச்சி. போவதற்கு முன் மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.